மின்சாரம் கடத்தும் கண்ணாடி: முதன்முறை கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கையில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் சதுரம், கனம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு பக்கத்தில் வைத்தால் திரையில் ஒன்றும் வராது. திருப்பிப் போட்டு வைத்தால் 20 ஓம், 25 ஓம் என்று காட்டும். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாள் நான் கொடுக்கும் வேலை இதுதான். "சார், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத, அரை மைக்ரோமீட்டர்கூட வராத ஒரு ஆக்சைடு படலம் அங்கே மின்கம்பியின் வேலையைச் செய்கிறது.

சூரிய மின்கலம், எல்இடி, தொடுதிரை எல்லாவற்றிலும் ஒளி உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டும். அதே பக்கத்தில் மின்சாரத்தையும் எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது ஒளி ஊடுருவும் கடத்து ஆக்சைடு. ஆய்வகத்தில் பேச்சுவழக்கில் எல்லோரும் டிசிஓ என்பார்கள். அதைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, அளந்து பார்ப்பது வரை, புதிதாக வருபவர்கள் எங்கெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். ஆற்றலில் சொன்னால் 1.8 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட். ஒரு பொருளின் பட்டை இடைவெளி, அதாவது அதில் கட்டுண்ட எலக்ட்ரானை ஓடவிடத் தேவையான ஆற்றல், 3.1-க்கு மேல் இருந்தால் அந்த ஒளியை அது விழுங்காது. டின் ஆக்சைடுக்கு இது 3.6 வாக்கில் இருக்கிறது, அதனால் பளிங்குபோல் தெரிகிறது. ஆனால் அவ்வளவு பெரிய இடைவெளி உள்ள பொருளில், சாதாரணமாகக் கடத்துவதற்கு எலக்ட்ரான் போதாது. அதற்குத்தான் மாசூட்டுகிறோம், அதாவது வேறொரு தனிமத்தைக் கொஞ்சம் கலக்கிறோம். இண்டியம் ஆக்சைடில் டின், டின் ஆக்சைடில் ஃபுளோரின், துத்தநாக ஆக்சைடில் அலுமினியம். ஒரு கன சென்டிமீட்டரில் 10²⁰ முதல் 10²¹ எலக்ட்ரான்கள் வரை ஓடத் தொடங்குகின்றன. செம்பில் இருப்பதோ ஏறக்குறைய 8.5 × 10²². ஆக, செம்பில் இருப்பதில் நூறில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோ வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பொருள் இது.

சரி, இன்னும் நிறைய மாசூட்டினால் இன்னும் நன்றாகக் கடத்துமே? கடத்தும். ஆனால் அந்த எலக்ட்ரான் கூட்டம் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சவும் திருப்பி அனுப்பவும் தொடங்கிவிடும். கூட்டம் பெருகப் பெருக, இது தொடங்கும் அலைநீள எல்லை கண்ணுக்குத் தெரியும் பகுதியை நோக்கி நகரும். சிலிக்கான் மின்கலம் 1100 நானோமீட்டர் வரை ஒளியைப் பயன்படுத்துகிறது. அதற்கு இது நேரடி நட்டம். அதனால்தான் இத்துறையில் உள்ளவர்கள் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, இருக்கும் எலக்ட்ரான்கள் தடங்கலில்லாமல் ஓடுவதற்கு, அதாவது இயக்க எண்ணைக் கூட்டுவதற்கு, அதிகம் மெனக்கெடுகிறார்கள்.

இது புதிய சரக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1907-லேயே ஜெர்மனியில் கார்ல் பேடெகர் என்பவர் மெல்லிய காட்மியம் படலத்தை ஆக்சைடாக்கி, அது ஒளியை விட்டுக்கொண்டே மின்சாரத்தையும் கடத்துவதைக் காட்டிவிட்டார்.

முதல் வேலை: கண்ணாடி வாங்குவதற்கு முன் ஒரு தாள் எடுங்கள்

பெரும்பாலோர் விலைப்பட்டியலில் தொடங்குகிறார்கள். வேண்டாம். உங்கள் சாதனத்தைப் பற்றிச் சில விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். செய்முறையில் கண்ணாடி எத்தனை டிகிரி வரை சூடாகும்? அமிலமோ காரமோ அதன்மேல் படுமா? எந்த அலைநீளம் வரை ஒளி வேண்டும்? மேலே வரப்போகும் அடுக்குகள் எவ்வளவு மெல்லியவை? கடைசியாக, மின்சாரம் உலோக முனையை அடையப் படலத்துக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அதற்குத் தனியாக வருகிறேன்.

முதல் கேள்வியை அலட்சியம் செய்த அனுபவம் எனக்கே உண்டு. ஒருமுறை ஒரு கடையிலிருந்து வந்த பொட்டலத்தில் எஃப்டிஓ, அதாவது ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடு, என்று எழுதியிருந்தது. நம்பி, டைட்டானியம் ஆக்சைடு பசையைப் பூசி 450 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தோம். எடுத்து அளந்தால் மின்தடை நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. உள்ளே இருந்தது ஐடிஓ, அதாவது டின் கலந்த இண்டியம் ஆக்சைடு. காற்றில் 300 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் ஐடிஓவுக்குள் ஆக்சிஜன் புகுந்து, ஆக்சிஜன் காலியிடங்கள் கொடுத்துவந்த எலக்ட்ரான்களைக் குறைத்துவிடும். பன்னிரண்டு துண்டுகளும் இரண்டு வார வேலையும் போயின. அன்றிலிருந்து எந்தப் பொட்டலம் வந்தாலும் ஒரு துண்டை மட்டும் வெறுமனே 450 டிகிரியில் சுட்டு, முன்னும் பின்னும் அளந்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது: எந்த ஆக்சைடு?

ஐடிஓ என்பது இண்டியம் ஆக்சைடும் டின் ஆக்சைடும் எடையில் பெரும்பாலும் 90-க்கு 10 என்று கலந்தது. மூன்றில் மிக நன்றாகக் கடத்துவது இதுதான். பரப்பும் வழவழப்பாக இருக்கும். ஓஎல்இடி, அதாவது கரிமப் பொருளாலான எல்இடி, செய்பவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்த வழவழப்பே காரணம். மொத்த அடுக்கும் 100, 200 நானோமீட்டர்தான் என்னும்போது, அடியில் 30 நானோமீட்டர் மேடு இருந்தால் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும். குறை, இண்டியம் விலை. அதற்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது துணைப்பொருளாகக் கிடைப்பதுதான்.

எஃப்டிஓ சூட்டையும் அமிலத்தையும் தாங்கும். 500 டிகிரி அதற்குப் பெரிய விஷயமில்லை. சாயமேற்றிய மின்கலம் (ஒளியைச் சாயம் உறிஞ்சும் வகை), பெரோவ்ஸ்கைட் மின்கலம் (பெரோவ்ஸ்கைட் படிக அமைப்புள்ள பொருள் ஒளியை உறிஞ்சும் வகை) செய்பவர்கள் இதில் தொடங்குவதே நல்லது. பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு. நம் ஊருக்குப் பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால், ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலையைச் சொல்லலாம். அங்கே உருவாவது காட்மியம் டெலுரைடு தகடுகள். அந்த வகைத் தகட்டில் வெயில் படும் முன்பக்கக் கண்ணாடியின் உட்புறத்தில் முதலில் இருப்பது ஒரு டிசிஓ படலம். அதன்மேல்தான் மற்ற அடுக்குகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன.

அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு, அதாவது ஏஇசட்ஓ, மலிவு. நச்சும் இல்லை. ஆனால் அமிலமோ காரமோ பட்டால் கரைந்துவிடும், ஈரமும் ஆகாது. சிஐஜிஎஸ் (செம்பு, இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த) மின்கலங்களில் மேல் அடுக்காக நன்றாகப் பயன்படுகிறது.

சிலிக்கான் ஹெட்டிரோஜங்ஷன் (படிகச் சிலிக்கான்மேல் படிகமல்லாத மெல்லிய சிலிக்கான் பூசிய) மின்கலத்தில் ஐடிஓவுக்கு இரட்டை வேலை. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2. 600 நானோமீட்டர் ஒளிக்குக் கால் அலைக் கணக்குப் போட்டால், 600-ஐ நான்காலும் இரண்டாலும் வகுக்க, 75 நானோமீட்டர். அந்தக் கனத்தில் பூசினால் அதுவே ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சாகவும் ஆகிவிடுகிறது. இந்த மின்கலங்கள் கருநீலமாகத் தெரிவது அதனால்தான்.

மூன்றாவது: சதுரக் கணக்கு

கடைக்காரர் '10 ஓம் கண்ணாடி' என்பார். உண்மையில் அது ஒரு சதுரத்துக்கு 10 ஓம். எத்தனை பெரிய சதுரம் என்றால், எந்தச் சதுரமும்தான். சதுரத்தை இரண்டு மடங்கு நீளமாக்கினால் தடை இரண்டு மடங்காகும். கூடவே அகலமும் இரண்டு மடங்கானால் பாதியாகிப் பழையபடி நின்றுவிடும். தரையில் டைல்ஸ் எண்ணுவதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். 4 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டையில் நான்கு டைல்ஸ், ஆக 40 ஓம்.

மல்டிமீட்டர் முனையைச் சும்மா தொட்டு வைத்தால் வரும் எண் இது அல்ல என்பதைக் கவனியுங்கள். ஊசிமுனை தொடும் இடத்திலேயே ஒரு தடை சேர்ந்துகொள்ளும். கருவி வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: சதுரத் துண்டின் எதிரெதிர் விளிம்புகள் இரண்டிலும் வெள்ளிப் பசையை முழு நீளத்துக்கும் தடவிக் காயவிடுங்கள். அப்புறம் இரண்டு பட்டைகளுக்கும் இடையே அளந்தால், சதுரத்தின் தடை ஓரளவு சரியாகவே கிடைக்கும்.

இப்போது அந்தத் தூரக் கேள்விக்கு வருவோம். ஒரு பெரோவ்ஸ்கைட் மின்கலம் சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் மின்னழுத்தம் 0.9 வோல்ட். கண்ணாடி 10 ஓம். ஒரு ஓரத்தில் மட்டும் உலோகத் தொடர்பு. மின்சாரம் போக வேண்டிய தூரம் 1 சென்டிமீட்டர் என்றால், தூரத்தின் வர்க்கத்தோடு மின்னோட்ட அடர்த்தியையும் தடையையும் பெருக்கி இரண்டால் வகுத்தால், தொலைவில் உள்ள ஓரத்தில் 0.1 வோல்ட் விழும். திறனில் இழப்பு ஏறக்குறைய 7.4 விழுக்காடு. தூரத்தை அரை சென்டிமீட்டர் ஆக்கினால் இழப்பு 2-க்கும் கீழ். 2 சென்டிமீட்டர் ஆக்கினால் ஓரத்தில் விழ வேண்டியது 0.4 வோல்ட், கிட்டத்தட்ட பாதி மின்னழுத்தம்.

தூரம் வர்க்கமாக வருகிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் நிறைய விஷயம் தானே விளங்கும். சின்னஞ்சிறு புள்ளி அளவில் நல்ல திறன் காட்டிய மின்கலம், பெரிதாக்கியதும் ஏன் சரிகிறது என்பதும், மெல்லிய படலத் தகடுகளை லேசரால் ஏன் ஒரு சென்டிமீட்டர்கூட வராத அகலத்தில் பட்டை பட்டையாகக் கீறித் தொடராக இணைக்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே வருகின்றன. மாணவர்கள் எதைச் செய்யாவிட்டாலும் இந்தக் கணக்கை மட்டும் ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

நான்காவது: வெட்டுவதும் கழுவுவதும்

படலம் இல்லாத பக்கத்தை மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, வைர முனையால் அந்தப் பக்கத்தில் ஒரே கோடாக, ஒரே ஒருமுறை கீறுங்கள். திரும்பத் திரும்பக் கீறினால் ஓரம் சில்லுசில்லாக உடையும். கீறலுக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கம்பி வருமாறு வைத்து, இரண்டு பக்கமும் அழுத்தினால் பட்டென்று பிரியும். படலம் இல்லாத பக்கத்தின் மூலையில் ஒரு சிறு அடையாளம் கீறிவிடுங்கள். கழுவிய பிறகு எந்தப் பக்கம் எது என்று தேட வேண்டியிருக்காது.

சோப்புக் கரைசல், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் அல்ட்ராசானிக் குளியலில் வையுங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். நைட்ரஜனால் ஊதிக் காயவைத்து, வசதி இருந்தால் புறஊதா ஓசோனில் 15 நிமிடம். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு துளி நீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பரந்து படிந்தால் சரி.

ஐந்தாவது: வேண்டாத இடத்தில் படலத்தை எடுப்பது

மேல் மின்முனையும் கீழ் மின்முனையும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க, ஒரு ஓரத்தில் எஃப்டிஓவை அகற்ற வேண்டும். இருக்க வேண்டிய பகுதியை ஒட்டும் டேப்பால் மூடி, விளிம்பை நகத்தால் நன்றாக அழுத்துங்கள். திறந்திருக்கும் இடத்தில் துத்தநாகத் தூளைத் தூவி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரைத்துக்கொண்டு வரும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன்தான் டின் ஆக்சைடைச் சிதைக்கிறது. அமிலம் மட்டும் ஊற்றினால் எஃப்டிஓ அசையாது. ஓரிரு நிமிடம் கழித்துப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து நீரில் கழுவி, மல்டிமீட்டரை வையுங்கள். ஏதாவது எண் காட்டினால் மறுபடியும் ஒரு சுற்று. புகைபோக்கிக்குக் கீழே, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்ய வேண்டும். ஐடிஓவுக்கு இந்தத் தூள் தேவையில்லை, அமிலமே கரைத்துவிடும்.

ஆறாவது: நீங்களே படலம் பூச விரும்பினால்

வெற்றிடக் கருவி இல்லாத கல்லூரிக்கு ஏற்றது தெளிப்பு முறை. சூடான கண்ணாடிமேல் கரைசலைப் பனித்தூறல்போல் தெளித்தால், துளி வந்து விழும் இடத்திலேயே சிதைந்து ஆக்சைடாகப் படியும். டின் குளோரைடை 0.1 மோலார் அளவில் நீரும் கொஞ்சம் எத்தனாலும் கலந்த கரைசலில் கரைத்து, அம்மோனியம் ஃபுளோரைடைத் தனியாக நீரில் கரைத்துச் சேர்ப்பது வழக்கமான செய்முறை. கண்ணாடியின் சூடு 400-க்கும் 500-க்கும் இடையில்.

இதில் ஆபத்து உண்டு, அதை முதலில் சொல்ல வேண்டும். எத்தனால் ஆவி 365 டிகிரி வாக்கில் பொறியே இல்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். அதனால் நீரின் பங்கைக் கூட்டி வையுங்கள். திறந்த ஆல்கஹால் பாட்டிலை அந்த மேசையிலேயே வைக்காதீர்கள். வெளிவரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். ஃபுளோரைடும் அமிலமும் சேரும் இடத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகலாம்; அது தோலில் பட்டு உடனே எரியாமல் போனாலும் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். நல்ல புகைபோக்கி, கையுறை, கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இவை நான்கும் இல்லாமல் தொடங்காதீர்கள். ஃபுளோரைடுக் கரைசலைப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வைக்க வேண்டும், கண்ணாடியை அது அரித்துவிடும்.

சூடு விஷயத்தில் ஹாட் பிளேட் திரையை நம்ப வேண்டாம். திரையில் 450 என்று இருந்தாலும் கண்ணாடியின் மேற்பரப்பு பல டிகிரி குறைவாகவே இருக்கும். தெர்மோகப்பிள் முனையை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பதித்துப் பாருங்கள். தெளிக்கத் தெளிக்கச் சூடு இன்னும் இறங்கும். ஆகவே ஐந்து விநாடி தெளித்து அரை நிமிடம் பொறுத்து, மறுபடி ஐந்து விநாடி என்று விட்டு விட்டுத் தெளிப்பதுதான் முறை.

படலத்தைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். தொட்டால் விரலில் ஒட்டும் வெண்பொடி படிந்திருந்தால், துளிகள் கண்ணாடியை அடையும் முன்பே வழியில் சிதைந்திருக்கின்றன. சூட்டைக் குறையுங்கள், அல்லது தெளிப்பானைக் கிட்டே கொண்டுவாருங்கள். வட்ட வட்டமாகத் திட்டு இருந்தால் துளிகள் ஈரமாகவே விழுகின்றன, சூடு போதவில்லை. நல்ல படலத்தைச் சாய்த்துப் பார்த்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் மெல்ல மாறிவரும். அந்த நிறம் துண்டு முழுக்க ஒரே மாதிரி இருந்தால் கனமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பொருள். முடிந்ததும் அவசரப்பட்டு எடுக்காமல் ஹாட் பிளேட்டிலேயே ஆறவிடுங்கள். சூடான கண்ணாடியைக் குளிர்ந்த மேசையில் வைத்தால் விரிசல் விடும்.

ஏழாவது: அளப்பது

நான்கு ஊசிமுனைகள் ஒரே வரிசையில் உள்ள நான்கு முனைக் கருவியில் வெளி முனைகள் இரண்டிலும் மின்னோட்டம், உள் முனைகள் இரண்டில் மின்னழுத்தம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532-ஆல் பெருக்கு, சதுரத் தடை வரும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். அந்த எண் எல்லையற்ற பரப்புக்கு உரியது. முனைகளுக்கிடையே 2 மில்லிமீட்டர் இருந்து, உங்கள் துண்டு 2 சென்டிமீட்டர் சதுரமாக இருந்தால், நடுவில் வைத்து அளந்தாலும் பெருக்க வேண்டியது 4.22 தான். பார்க்காமல் 4.532 போட்டால் 7 விழுக்காடு கூடுதலாக வரும். ஆய்வேடுகளில் இந்தப் பிழை கண்ணில் படும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஒரே நிமிடத்தில் திருத்திவிடக்கூடியது.

ஒளி ஊடுருவலை அளக்கும்போது ஒப்பீட்டுக்கு எதை வைத்தீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். வெறும் கண்ணாடியே இரண்டு பரப்பிலும் தலா 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பி 92 விழுக்காட்டைத்தான் விடும். காற்றோடு ஒப்பிட்டால் 80 என்று வரும் அதே படலம், வெறும் கண்ணாடியோடு ஒப்பிட்டால் 87 என்று வரும். சொரசொரப்பான எஃப்டிஓ ஒளியைச் சிதறடிக்கும். சாதாரணக் கருவி சிதறிய ஒளியைக் கணக்கில் சேர்க்காது. சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் ஒருங்கிணைப்புக் கோளம் உள்ள கருவி கிடைத்தால் அதில் அளப்பதே நியாயமான அளவு.

இரண்டு அளவையும் ஒரே எண்ணாக்க, 1976-ல் ஹாக்கே என்ற ஆய்வாளர் சொன்ன முறையை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஊடுருவலைப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்திச் சதுரத் தடையால் வகுப்பது. 80 விழுக்காடும் 10 ஓமும் உள்ள படலத்துக்கு 0.0107 வரும். 90 விழுக்காடும் 20 ஓமும் உள்ள படலத்துக்கு 0.0174. இரண்டாவதுதான் மேல் என்று தோன்றும்.

அதை நம் தூரக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் தூரத்துக்கு, ஒளியையும் தடை இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் முதல் படலத்தில் 79 விழுக்காடு மிஞ்சுகிறது, இரண்டாவதில் 87. ஒரு சென்டிமீட்டரில் 74-க்கு 77, இடைவெளி சுருங்கிவிட்டது. ஒன்றரை சென்டிமீட்டரில் 67-க்கு 60 என்று முதலாவது முந்திவிடுகிறது. உங்கள் மின்கலத்தின் அகலம் ஹாக்கே எண்ணுக்குத் தெரியாது. அதனால் நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஊடுருவல், சதுரத் தடை, கனம், சூடாக்கும் முன்னும் பின்னும் அளந்த தடை, மின்சாரம் போகும் தூரம் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டமாகப் போட்டு நிரப்புங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டை ஒன்றும் பூசாமல் உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மின்கலம் சரியாக வேலை செய்யாதபோது, முதலில் எடுத்து அளக்க வேண்டியது அந்தத் துண்டைத்தான்.